தலை எடுத்த மயில்கள்

"தலைய மட்டும் எடுத்தாப் போதும். உடம்பு கெடக்கட்டும்."

புத்தளத்திலிருந்து கல்பிட்டிக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்த சகோதரிகளில் மூத்தவர் இப்படிச் சொன்னார். எட்டிப் பார்த்தேன். மடியில் சிவப்புக் கூறைச் சாரி; அதன் கரையில் நூல்வேலையில் வரிசையாக மயில்கள். சிறிய கத்தரியால் ஒவ்வொரு மயிலின் தலையையும் பிரித்துக்கொண்டிருந்தார்.

"உங்கட மகளுக்கு மாப்பிள்ளட உம்மா ஆசையா எடுத்துத் தந்த சாரி, ராத்தா. நாளைக்கு நிக்காஹ்ல பாத்தா என்ன நினைப்பா?"

"உசிருள்ளதுட படத்த உடுத்திட்டு அவ எப்பிடிப் புள்ள தொழுவா? தலை இல்லாட்டி இது மயிலில்ல."

"அப்ப என்ன?"

"மாங்கா."

"வால் வச்ச மாங்காவா? எனக்கு அன்னாசி மாதிரி இரிக்கி."

பாலாவியில் பஸ் நின்றது. இளையவர் எதையோ யோசித்தார்.

"ராத்தா, சாரிக்கு மேல தொழுகை உடுப்புப் போட்டுத்தானே அவ தொழுவா? மயில் எங்க வெளிய தெரியும்?"

கத்தரி அப்படியே நின்றது.

"இத ஏறக்குள்ளயே சொல்லியிருக்கலாமே!"

"இப்பதானே நினைப்பு வந்திச்சி. மிச்சத் தலைய விடுவமா, எடுப்பமா?"

மூத்தவர் சாரியை விரித்துப் பார்த்தார். பாதிக் கரையில் மயில்கள், மீதியில் பெயர் தெரியாத பழங்கள்.

நுரைச்சோலையில் நான் இறங்கும்போது, இருவரும் குனிந்து சீட்டுக்கடியில் விழுந்த மயில்தலை நூல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ராத்தா, இந்த நீலம் கழுத்தா, கொண்டையா?"