பொந்தியானுக்குப் போகாத வண்டி

மழைக்காலத்தில் டீசல் டேங்க்கை அரைகுறையாக வைத்திருக்கக் கூடாது. காலியாகக் கிடக்கும் இடத்தில் ஈரம் படியும். அது தண்ணீராகி அடியில் தங்கிவிடும். நம் ஊர் டீசலில் செம்பனை எண்ணெயும் கலந்திருக்கிறது; அதற்கு ஈரத்தை இழுக்கும் குணம் அதிகம். உங்கள் வண்டி மேடு ஏறும்போது இருமுகிறது என்றீர்களே, அநேகமாக அதுதான். ஃபில்டரின் அடியில் சின்னதாக ஒரு திருகு இருக்கும். அதைத் தளர்த்தித் தண்ணீரை வடித்துவிட்டு, திருகை மறுபடி இறுக்கி, மேலே இருக்கும் கைப்பம்பை அது கெட்டியாகும்வரை அழுத்துங்கள். சரியாகிவிடும்.

எங்கள் வண்டிக்கு அப்போது உண்மையில் என்ன கோளாறு என்றும் கேட்டீர்கள். இதைப் போன வருடமே கேட்டிருக்கலாம், ரூபேந்திரன் அண்ணே. நிச்சயதார்த்தம் நின்றுபோன அன்று நீங்களும் உங்கள் அம்மாவும் வண்டியைப் பற்றிக் கேட்கவில்லை, அக்காவின் ஜாதகத்தைப் பற்றித்தான் கேட்டீர்கள். பரவாயில்லை. இன்று அம்மாவுக்குச் சொல்லாமல் உங்கள் பொந்தியானிலிருந்து எங்கள் லாபிஸ் வரை வந்திருக்கிறீர்கள், அக்காவை மறுபடியும் பெண் கேட்க. அக்கா உள்ளே தேநீர் கலக்கிக்கொண்டிருக்கிறாள். அவள் வருவதற்குள் சொல்லி முடித்துவிடலாம்.

முதல் தடவை நான் ஒன்றும் செய்யவில்லை. அதை நீங்கள் நம்பவேண்டும்.

அன்று உங்கள் வீட்டைப் பார்க்க அப்பா, வெள்ளையம்மா அத்தை, நான் மூன்று பேரும் கிளம்பினோம். யோங் பெங் தாண்டியதும் வண்டி இழுக்கவில்லை. டீசலில் தண்ணீர் இருப்பதைக் காட்டும் விளக்கு எரிந்தது. ஃபில்டரை வடித்துப் பல மாதம் ஆகியிருந்தது. அது என் சோம்பேறித்தனம், ஒத்துக்கொள்கிறேன். சாலையோரம் நிறுத்திவிட்டுப் பின்னால் திரும்பினேன். "சாதாரணத் தண்ணிதான். கொஞ்ச நேரத்துல சரி பண்ணிடலாம்" என்றேன். அத்தை என் பேச்சைக் காதில் வாங்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"செல்லப்பா, வண்டி தானா நிக்கல. உன் பொண்டாட்டி மறிக்கிறா."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எங்கள் அம்மாவைக் கடைசியாக சிகாமட் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தது இந்த வண்டிதான். வழியிலேயே போய்விட்டாள். நடு சீட்டில், அக்காவின் மடியில். அதற்குப் பிறகு நல்ல காரியம் எதுவானாலும் அப்பா வேறு வண்டியில் போனதில்லை. வெள்ளிக்கிழமைகளில் முன்கண்ணாடிக்குச் சந்தனம் வைப்பார். இன்ஜின் ஆயில் மாற்றச் சொன்னால் மறந்துவிடுவார். எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் ஒரு பழுதைக் கண்டுபிடித்து, காரணத்தைச் சொல்லி, வடித்த தண்ணீரைப் போத்தலில் பிடித்தும் காட்டுகிறேன். அவர்கள் அந்தப் போத்தலைத் தாண்டி அம்மாவைப் பார்க்கிறார்கள்.

அன்று பாதியிலேயே திரும்பி வரும் வழியில்தான் எனக்கு அது புரிந்தது. இந்த வீட்டில் என் பேச்சுக்கு இல்லாத மரியாதை இந்த வண்டிக்கு இருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததற்குக் காரணம் கேட்பீர்கள். அக்கா கிளினிக்கிலிருந்து வந்து, சமைத்து, பிறகு உட்கார்ந்து துணி மடிப்பாள். அப்போது நான் படித்துக்கொண்டிருக்கும் நாவலை அவளுக்குச் சொல்வேன். எல்லாம் வேறு தேசத்துக் கதைகள். பனியில் சிக்கிக்கொண்ட ரயில், கடலோர விடுதியில் யாருக்காகவோ காத்திருக்கும் ஒருத்தி. அக்கா ஒரு சட்டையை மடித்து முடித்து, அடுத்ததை எடுக்காமல் கேட்பாள்: "அப்புறம் என்னடா ஆச்சு?" இந்த ஊரில் என்னை அப்படிக் கேட்ட ஆள் வேறு யாருமில்லை. பொந்தியானில் அவளுக்கு யார் கதை சொல்வார்கள்? உங்களைக் குறைத்துச் சொல்லவில்லை. நீங்கள் நல்லவர். ஆனால் நீங்கள் வாசிக்கிறவர் இல்லை. உங்கள் அம்மாவுக்கோ, கடையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் மடிக்க ஒரு கை தேவைப்பட்டது. அக்காவுக்கு எது நல்லது என்று யாராவது ஒருவர் யோசிக்க வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் நீங்கள் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். உங்கள் குலத்தார் கட்டிய பொந்தியான் கோயிலில் நிச்சயதார்த்தம் என்று முடிவானது. நிச்சயதார்த்தத்தன்று காலை தட்டுகளையெல்லாம் வண்டியில் ஏற்றியாகிவிட்டது. அப்பா சாவியைத் திருப்பினார். இன்ஜின் சுற்றிக்கொண்டே இருந்தது, பிடிக்கவில்லை. நான்தான் அந்தத் திருகை லேசாகத் தளர்த்தியிருந்தேன். டீசலோடு காற்று கலந்துவிட்டால் எந்த இன்ஜினும் அப்படித்தான்.

வேறு வண்டி எடுக்கலாம் என்று முதலில் சொன்னதும் நான்தான். இதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்பா என்னை ஏறிட்டுப் பார்த்தார். "உங்கம்மா இல்லாத வண்டியிலயா?" என்றார். அந்தப் பதிலை நான் எதிர்பார்த்திருந்தேன் என்பது வேறு விஷயம்.

பட்டறை வைத்திருக்கும் காளியப்பன் அங்கிள் வந்து அடியில் படுத்துப் பார்த்தார்.

"இது தானா கழலாது தம்பி. யாரு கை வச்சது?"

"யாரு அங்கிள் வைக்கப் போறா? நம்ம ரோடு அப்படி."

"ரோடு எங்கடா திருகு கழட்டும்? சாமி கழட்டுச்சுன்னு சொல்லு, உங்க அத்தை நம்பும்."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அத்தைக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கச் சொன்னாள்.

எனக்குச் சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. அன்று மாலை அக்கா பட்டுப்புடவையை மாற்றிவிட்டு, கைலியும் என் பழைய டீ-ஷர்ட்டும் போட்டுக்கொண்டு போனெட்டைத் திறந்தாள்.

"டேய் ஹேமா, எனக்கும் சொல்லிக் கொடு லா. அடுத்த தடவை நின்னுச்சுன்னா நானே பாத்துக்குவேன். அத்தைய அம்மாவப் பத்திப் பேச விடக் கூடாது."

என்னால் மறுக்க முடியவில்லை. சொல்லிக் கொடுத்தேன். அவள் வேகமாகக் கற்றுக்கொண்டாள். சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும் வந்தால் பேட்டரி முனை, சுற்றியும் பிடிக்காவிட்டால் காற்று அல்லது டீசல் வரத்து, கரும்புகை வந்தால் காற்றுக் குழாய். எல்லாம் அவளுக்கு விரல் நுனியில் வந்துவிட்டது. ஒருநாள் நான் சோதிப்பதற்காகத் தளர்த்தி வைத்த திருகை அவளே கண்டுபிடித்து இறுக்கி, பம்பை அழுத்தி, ஒரே தடவையில் ஸ்டார்ட் செய்தாள். கையெல்லாம் டீசல். "அலமாக், பாத்தியா? அம்மாவும் இல்ல, ஆத்தாவும் இல்ல. ஒரு ஸ்க்ரூ" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

என் எரிச்சல் உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன். இத்தனை காலம் இந்த வீட்டில் ஒருவராவது இயந்திரத்தை இயந்திரமாகப் பார்க்கவேண்டும் என்று ஏங்கியவன் நான். கடைசியில் ஒருத்தி பார்த்தாள். அதுவும் உங்களிடம் வருவதற்காக.

வேறு நாள் குறித்து மூன்றாவது தடவை கிளம்பியபோது நடந்தது உங்களுக்கும் தெரியும். டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகும் ரப்பர் குழாயில், மேலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு கிளிப் உண்டு. வீட்டிலிருந்து வண்டி ஒழுங்காகத்தான் கிளம்பியது. ஆயர் ஈத்தாம் வருவதற்குள் குழாய் விலகிவிட்டது. பின்னால் கரும்புகை. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகூட எங்களைத் தாண்டிப் போனது. அக்கா பட்டுப்புடவையோடு சாலையோரம் குனிந்து தேடினாள். "கிளிப்பா இருக்கும்டா, கீழ பாரு" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். நான் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் இறுக்கமாக இருக்கிறது என்றேன்.

அவள் அங்கேயே நின்று என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வண்டியில் ஏறிக்கொண்டாள். தனக்குத் தெரிந்த ஒவ்வொன்றையும் அவள் நான் சொல்லித்தான் அறிந்திருந்தாள். நான் இல்லை என்று சொன்னால், அவளுக்கும் அது இல்லைதான்.

ஊர்ந்து ஊர்ந்து கோயிலுக்கு வந்து சேர்ந்தபோது நல்ல நேரம் முடிந்து எமகண்டம் தொடங்கியிருந்தது. உங்கள் அம்மா ஆரத்தித் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "மூணு தடவையாச்சு. பெத்தவளே வேணாங்குறா, நாங்க எப்படிக் கூட்டிக்க?" என்றார். நீங்கள் பக்கத்திலேயே நின்றீர்கள். வண்டிதான்மா கெட்டுப்போச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீங்கள் உங்கள் அம்மாவின் முகத்தைப் பார்த்தீர்கள். அக்கா உங்கள் முகத்தைப் பார்த்தாள். நான் யாரையும் குறை சொல்லவில்லை.

கிளிப்பை மறுநாளே இறுக்கிவிட்டேன். அதிலிருந்து வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. அத்தை மகள் தேன்மொழியின் கல்யாணத்துக்கு எல்லோரும் அதில்தான் போனோம். அக்கா மட்டும் வரவில்லை. சமையலுக்கு ஆள் வேண்டுமே என்றாள். பெயர்சூட்டு விழா, புதுமனை புகுவிழா எதற்கும் அவள் முன்னால் நிற்பதில்லை. யாரும் அவளைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. குங்குமச் சிமிழை நீட்டினால் வாங்கி அடுத்தவரிடம் கொடுத்துவிடுகிறாள். கிளினிக்குக்கு பஸ்ஸில் போய்வருகிறாள். நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. "வேணாம்டா, என்னால வண்டி நின்னுடக் கூடாது" என்கிறாள். போனெட்டை அவள் மறுபடி திறக்கவில்லை.

கதை சொல்வதை நான் விடவில்லை. அவளும் துணி மடித்தபடி கேட்கிறாள். அப்புறம் என்ன ஆச்சு என்று மட்டும் கேட்பதில்லை. எவ்வளவு நல்ல கதையாக இருந்தாலும் சரி. அது எனக்கு எத்தனை ஏமாற்றம் என்று அவளுக்குத் தெரியாது.

உங்கள் முகம் மாறுகிறது. நீங்கள் உள்ளே போய் இதையெல்லாம் அவளிடம் சொல்ல நினைக்கிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள், நான் தடுக்கப்போவதில்லை. நானே போன மாதம் சொல்லிவிட்டேன். திருகு, கிளிப், எல்லாவற்றையும். அவளுக்கு இப்போதாவது கோபம் வரும், அந்தக் கோபத்திலாவது ஏதாவது கேட்பாள் என்று நினைத்தேன்.

அவள் ஒரு தலையணை உறைக்குள் கையை விட்டு மூலைகளைச் சரிசெய்துகொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பாமல் பேசினாள்.

"உன்னச் சொல்லி என்னடா குத்தம்? எனக்கு ராசி இல்ல. இல்லாட்டி கூடப் பொறந்தவனுக்கு இப்படி ஒரு புத்தி வருமா?"

அதைக் கேட்டதும் எனக்கு மனம் லேசானது, அண்ணே. பிறகு நிதானமாக யோசித்துப் பார்த்தேன். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.