ஜெஸ்லினின் தொண்ணூற்றெட்டும் என் பொறாமையும்

முப்பத்தாறு ஆண்டுகள் ஸ்டேஷன் மாஸ்டராகப் பச்சைக்கொடி பிடித்த கையால் இன்று சான்றிதழ் வழங்க வந்திருக்கும் தலைவர் பிச்சுமணி ஐயா அவர்களே! வலியசாலைத் தெருக்களிலிருந்தும் பாறசாலை வரையுள்ள ஊர்களிலிருந்தும் வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே! பிள்ளைகளை டூட்டிக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் நல்லபடியாகத் திரும்பும்வரை வாசலையே பார்த்திருக்கும் தாய்மாரே! வெயிலோடும் இரும்போடும் வேலை பார்க்கும் என் தோழர்களே! எல்லோருக்கும் பாயிண்ட்ஸ்மேன் லிங்கராஜின் வணக்கம்.

என்னை எதற்கு அழைத்தார்கள்? தங்கை ஜெஸ்லினைப் பாராட்டிப் பேச. பாராட்டுவேன். ஆனால் அதற்கு முன்னால் என் வயிற்றெரிச்சலைச் சொல்லியாக வேண்டும். சிரிக்காதீர்கள், விளையாட்டாகச் சொல்லவில்லை.

இருபத்துமூன்று ஆண்டுகளாக நான் பாயிண்ட்ஸ்மேன். வண்டி போகும் பாதைக்குத் தண்டவாளத்தைத் திருப்பிப் பூட்டுவதும், நிற்கும் வேகன்களை நகராமல் கட்டிப்போடுவதும் என் வேலை. அதே வேலைக்கு ஜெஸ்லின் வந்து நான்கே ஆண்டு. சென்ற வருடம் டேப்லெட் வந்தது. விபத்து எப்படி நடக்கிறது என்பதைத் திரையில் காட்டிப் பாடம், பாடம் முடிந்ததும் தேர்வு, தேறினால் சான்றிதழ், சான்றிதழ் இருந்தால்தான் டூட்டி. தேறுவதற்கு எழுபது வேண்டும்.

ஜெஸ்லின் தொண்ணூற்றெட்டு. நான்? பின்னால் யாரோ கேட்கிறீர்களே, சொல்கிறேன். ஐம்பத்தெட்டு! மறு தேர்வுக்கு ஒரு மாதத் தவணை கொடுத்தார்கள்; அதுவரை டூட்டி பார்க்கலாம் என்றார்கள்.

தோழர்களே, அவள் மார்க்கு நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் சிரித்தால் எரிந்தது. அவளை யாராவது வாழ்த்தினால் எரிந்தது. ஒன்றும் பேசாமல் அவள் பாட்டுக்குப் போனாலும் எரிந்தது! எரிந்த மனம் என்ன செய்தது? கேட்டவர்களிடமெல்லாம் ஒரு பொய் சொன்னது. "அவ தம்பி கழக்கூட்டத்துல கம்ப்யூட்டர் வேலைல்லா பாக்கான்? அவன்தான் உத்தரம் எல்லாம் சொல்லிக்கொடுத்தது, கேட்டியளா" என்றேன். வாயால் சொன்னது போதாதென்று மேலதிகாரிக்கு மனுவாகவும் எழுதினேன்.

அவளை எல்லோர் முன்னிலையிலும் உட்காரவைத்து மீண்டும் தேர்வு நடத்தினார்கள். குற்றவாளியைப் போல உட்கார்ந்திருந்தாள். அதை நான் பார்த்தேன். பார்த்து மகிழ்ந்தேன்! அப்போதும் தொண்ணூற்றெட்டு.

அதன்பின் ஒரு நாள் காலை, ஒன்பதரை மணி. பக்கத்துப் பாதையில் சரக்கு வேகன்களை நிறுத்தினோம். இரண்டு முனையிலும் ஆறு ஆறு வேகன்களின் கை பிரேக்கைத் திருக வேண்டும்; சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும்; தண்டவாளத்தோடு சங்கிலி போட்டுப் பூட்ட வேண்டும். திரையில் பத்துமுறை காட்டிய பாடம் அது. நான் மூன்று பிரேக்கை மட்டும் திருகினேன்; கட்டையும் வைக்கவில்லை, சங்கிலியும் போடவில்லை. இருபத்துமூன்று ஆண்டு பார்த்த கைக்கு டேப்லெட் என்ன சொல்லித் தருவது என்று சாயா குடிக்கப் போனேன்.

டூட்டி மாற வந்த ஜெஸ்லின், எல்லாம் பூட்டியாயிற்று என்ற என் வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போடவில்லை. வேகன் வேகனாக நடந்து பார்த்தாள். கடைசிச் சக்கரம் மெல்ல, மிக மெல்ல, மெயின் லைன் பக்கமாக உருண்டுகொண்டிருந்தது. அந்த மெயின் லைனில் என்ன வருகிறது? தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கி வேலைக்குப் போகிறவர்கள் வாசல்வரை தொங்கும் பாசஞ்சர் வண்டி!

கட்டையைத் தூக்கிச் சக்கரத்தின்கீழ் தள்ளினாள். ஒன்று நசுங்கி வழுக்கியது. இரண்டாவதைத் தள்ளினாள். வாக்கிடாக்கியில் கத்தினாள்: "சாரே, பாசஞ்சர விடாதிய! வேகன் நகருது! சிக்னல் போடாதிய!"

பாசஞ்சர் சிக்னலுக்கு வெளியே நின்றது. வேகனும் இரண்டாவது கட்டையில் நின்றது. நான் ஓடிப்போனபோது அவள் உள்ளங்கை கிழிந்து ரத்தம் வடிந்தது.

"அண்ணே, சங்கிலி எங்க?" என்று கேட்டாள்.

"ஜெஸ்லின், இத எழுதிராத. நமக்குள்ள இருக்கட்டு" என்றேன்.

"எழுதுவேன் அண்ணே."

"நான் ஒனக்கெதிரா மனு போட்டேன்னுதான?"

"அதுக்கொண்ணும் இல்ல. இன்னைக்கு எழுதலேன்னா நாளைக்கும் நீங்க மூணு பிரேக்குதான் திருகுவிய. அப்போ நான் இங்க இருக்கணுமே."

எழுதினாள். என்னை டூட்டியிலிருந்து இறக்கினார்கள். அப்போதாவது என் பொறாமை அடங்கியதா? அடங்கவில்லை ஐயா! என் உடம்பில் ஒரு கீறல் இல்லை, அவள் கையில் நான்கு தையல். அப்படியும் அவள் மேல்தான் ஆத்திரம். அந்த ஆத்திரத்தோடுதான் டேப்லெட்டைத் திறந்தேன். அவளை மிஞ்சுவதற்காகத்தான் படித்தேன். படிக்கப் படிக்க ஒவ்வொரு பாடத்திலும் என் பழைய வேலையைக் கண்டேன். எத்தனை நாள் பூட்டாமல் வந்திருக்கிறேன்! எத்தனை நாள் பார்க்காமல் கையெழுத்திட்டிருக்கிறேன்! எத்தனை வண்டிகள், எத்தனை முகங்கள், என் அலட்சியத்தைக் கடந்து பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்திருக்கின்றன! டூட்டியிலிருந்து இறங்கிய மூன்றாவது வாரம் மறு தேர்வு எழுதினேன். தொண்ணூற்றிரண்டு. இன்று நானும் இங்கே சான்றிதழ் வாங்குகிறேன்.

கைதட்ட வேண்டாம். பொறுங்கள். முன்வரிசையில் ஜெஸ்லினின் தாயார் செல்லபாய் அம்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மா, உங்கள் மகள் காப்பியடித்தாள் என்று ஊரெல்லாம் சொன்னவன் நான்தான். அது பொய். என் மனுவை வாபஸ் வாங்கி, பொய் என்று கையெழுத்திட்டு நேற்றே கொடுத்துவிட்டேன். பத்துப் பேர் காதில் போட்ட பொய்யை நானூறு பேர் முன்னால் பொய்யென்று சொல்கிறேன். மன்னியுங்கள் என்று கேட்க மட்டுமே எனக்கு உரிமை. மன்னிப்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். ஜெஸ்லின், உன்னிடமும் அப்படியே.

தோழர்களே! பயணச்சீட்டு வாங்கி ஏறுகிறவருக்கு நம் பெயர் தெரியாது, நம் சர்வீஸ் தெரியாது. நம்மை நம்பித்தான் அவர் கண்ணயர்கிறார். அந்த உறக்கத்துக்குக் காவல் நம் அனுபவத்தின் கர்வமா, அன்றன்று சரிபார்க்கும் கையா? சொல்லுங்கள்!

இனி பாராட்டு. ஜெஸ்லின், அன்று நீ என்னைக் காப்பாற்ற எழுதவில்லை, பழிவாங்கவும் எழுதவில்லை. வண்டியில் இருந்தவர்களுக்காக எழுதினாய். அதைச் செய்யும் துணிச்சல் எனக்கு இருந்ததில்லை. அதற்கும் எனக்குப் பொறாமைதான்! அடுத்த மாதம் பயிற்சி ஆசிரியர் இடம் ஒன்று காலியாகிறது. நீ மனுப் போட்டிருக்கிறாய். நானும் போட்டிருக்கிறேன். படித்து வா. நானும் படித்துத்தான் வருவேன்.

பொறுமையாகக் கேட்ட தாய்மாருக்கும், இடையில் எழுந்து போகாத தோழர்களுக்கும், ஒலிபெருக்கியை அணைக்காமல் விட்ட தலைவருக்கும் நன்றி. வணக்கம்!