அட்டை நகரத்தில் நடந்தேன்

மின்விசிறியைப் போடக்கூடாது என்பதுதான் எனக்கு விதிக்கப்பட்ட ஒரே கட்டுப்பாடு, அப்பா. நான் போடவில்லை.

கட்டடக்கலைப் படிப்பின் கடைசி ஆண்டுக்காக அக்கா செய்த அட்டை நகரம் கூடத்துத் தரையில் விரிந்து கிடந்தது. மேசை கொள்ளவில்லை. ஸ்பாஞ்சு மரங்கள், பாலம், சின்ன ரயில். மறுநாள் காலை தேர்வாளர்களுக்குக் காட்ட வேண்டும். தவறினால் ஒரு வருடம் வீண். "பசை காயட்டும்டா. குளிச்சிட்டு வந்துடறேன், பாத்துக்க" என்றாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதுதான் சிக்கல்.

கடலிலிருந்து வந்து ஊரை மிதிக்கும் பழைய ராட்சத மிருகப் படங்களை நாங்கள் ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தோம். அவள் கட்டடங்களைப் பார்த்தாள். நான் மிருகத்தின் காலைப் பார்த்தேன். அவளுக்குப் படிப்பு வந்தது. எனக்கு இது வந்தது. குட்டி நகரத்தைக் கண்டால் யாருக்கும் உள்ளங்கால் அரிக்கும். நேற்று நீங்களே அதன் முன் நின்று ஒரு காலை லேசாகத் தூக்கினீர்கள். செருப்பைத் தேடுவதாகச் சொன்னீர்கள்.

அந்தப் படங்களில் மிருகம் சும்மா வருவதில்லை. மனிதர்கள் ஏதாவது செய்து எழுப்பிவிடுவார்கள். அக்கா பூங்காவில் உங்களையும் அம்மாவையும் குட்டிப் பொம்மைகளாக ஒட்டியிருந்தாள். பக்கத்து வீட்டு நாய்கூட இருந்தது. அவள் குளிக்கப் போகுமுன் கேட்டேன்: "நான் எங்கக்கா?"

"நீயா? ஊரு தாங்காதுடா, எரும."

எழுப்பிவிட்டாள்.

முதலில் உறுமினேன். குடியிருப்போருக்கு அவகாசம் தர வேண்டுமே. "தொண்டை கட்டிருச்சாடா? வெந்நீர் வைக்கவா?" என்று உள்ளிருந்து அம்மா கேட்டார். "வேணாம்மா" என்றேன். பிறகு நடந்தேன். பாலம், நீதிமன்றம், தண்ணீர்த் தொட்டி என்று வரிசையாகத்தான். குழப்பம் எனக்குப் பிடிக்காது. ரயிலை எடுத்துக் கடித்தேன். அது மரபு. பசை கசந்தது. பூங்காவை மட்டும் சுற்றிப் போனேன். குடும்பம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

இடுப்பில் வால் கட்டியிருந்ததை வைத்து, திட்டம் போட்டுச் செய்தேன் என்று அம்மா சொல்வது அநியாயம். வாலைப் போன மாதமே தைத்துவிட்டேன். அப்போது நகரத்துக்கு அஸ்திவாரம்கூடப் போடவில்லை.

அக்கா ஈரத் தலையோடு வந்தாள். கத்தவில்லை. இடிபாடுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். நான் வாலை இழுத்துக்கொண்டு மெதுவாக என் அறைக்குத் திரும்பினேன். படங்களில் மிருகம் கடலுக்குத் திரும்பும்போதும் கரையில் நிற்பவர்கள் இப்படித்தான் அழுவார்கள்.

பிரிய மனமில்லாமல்.