பவித்ரா பாடி வைத்த கணினி

ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் கை வைக்கக் கூடாது என்பது என் கட்சி. சிங்கப்பூரில், எங்கள் புக்கிட் பாஞ்சாங் வீட்டுக் கணினியில் பழைய விண்டோஸ் இருந்தது. அக்டோபரோடு அதற்கு ஆதரவு முடிகிறது, புதியதற்கு மாறுங்கள் என்று திரையில் அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. நான் அதை மூடிவிட்டுச் செய்தி படிக்கப் போய்விடுவேன்.

யாக்கூப்புக்கு அது பிடிக்காது. லிட்டில் இந்தியாவில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார், தங்கமான மனிதர். "செக்யூரிட்டி அப்டேட் நின்னு போச்சுண்ணே. பேங்க் வேலையெல்லாம் இதுலதானே செய்றீங்க? மாத்திடுங்க லா," என்பார். பார்க்கலாம் என்பேன். என் மனைவி சந்திரமதியும் என் பக்கம்தான். அவள் காரணம் மட்டும் வேறு. "பவித்ரா வெச்சது வெச்சபடி இருக்கட்டும்," என்பாள்.

பவித்ரா எங்கள் ஒரே மகள். பாட்டுப் படித்தவள். அப்போது அந்தக் கணினி அவள் அறையில்தான் இருந்தது, அதன் முன் உட்கார்ந்துதான் பயிற்சி செய்வாள். மைக்கைப் போட்டுப் பதிவை ஓடவிட்டால் நிறுத்தவே நினைவிருக்காது. அம்மாவும் மகளும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி. சமையலறையில் எந்நேரமும் சிரிப்புச் சத்தம் கேட்கும், நான் உள்ளே நுழைந்ததும் அடங்கிவிடும். இதை நான் ஒரு குறையாகச் சொல்லவில்லை.

சண்டை வந்தால் இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள், என் மூலம்தான் தகவல் போகும். "சாப்பிட வரச் சொல்லுங்க," என்பாள் இவள். "பசிக்கலன்னு சொல்லுங்கப்பா," என்பாள் அவள். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். நானும் இவள் சொன்னதை அவளுக்கும், அவள் சொன்னதை இவளுக்கும் மரியாதையாக ஒப்பிப்பேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், முபாரக்கைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று பவித்ரா சொன்னாள். சந்திரமதி ஆத்திரத்தில், "இனிமே என்னை அம்மான்னு கூப்பிடாதே," என்றாள். அதோடு பேச்சு நின்றது. அந்த வாரம் முழுவதும் வீட்டில் எல்லாரும் என்னிடம்தான் பேசினார்கள்.

வாரக் கடைசியில், வேலைக்குக் கிளம்பும்போது சந்திரமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கோவத்துல சொல்லிட்டேன்னு சொல்லுங்க. அந்தப் பையனை வீட்டுக்குக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. நான் சமைச்சுப் போடுறேன்." சரி என்றேன். மகளின் அறைக்குப் போனேன், பேசினேன். சந்திரமதி வேலை முடிந்து வந்தபோது அறை காலியாக இருந்தது.

"நான் சொன்னதைச் சொன்னீங்களா?"

"சொன்னேன். இனிமே நீ அவளைக் கூப்பிட வேணாமாம்."

சந்திரமதி நம்பினாள். தன் நாக்குதான் மகளை விரட்டியது என்று இன்றுவரை நம்புகிறாள். பவித்ரா இப்போது முபாரக்கோடு ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறாள். எனக்கு மட்டும் எப்போதாவது போன் செய்து, "அம்மாவுக்குக் கோவம் தணிஞ்சுச்சாப்பா?" என்று கேட்பாள். இன்னும் இல்லையம்மா என்பேன்.

மகள் திரும்பி வரவேண்டும் என்று சந்திரமதி ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பால்குடம் எடுக்கிறாள். சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை வெறுங்காலோடு நடப்பாள். அவள் செருப்பையும் தண்ணீர் பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டு நானும் கூடவே நடப்பேன். இந்த வருடம் டோபி காட் பக்கம் வரும்போது கால் தாங்காமல் நின்றுவிட்டாள். குடத்தை நான் வாங்கிக்கொள்ளட்டுமா என்றேன். "தப்பு பண்ணவ நான். நான்தான் சுமக்கணும்," என்றாள். அப்போது சொல்லியிருக்கலாம்தான். கோயில் பக்கத்தில் வந்துவிட்டது, கூட்டம் வேறு.

வீட்டுக்கு வந்து அவள் காலுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தேன். "அவ குரலை ஒரே ஒரு தடவை கேக்கணுங்க. அந்தப் பாட்டைப் போட்டுவிடுங்க," என்றாள். அதுவரை அந்தப் பாட்டுகளைக் கேட்கும் தைரியம் அவளுக்கு வந்ததில்லை. கணினியைத் தொடவும் தெரியாது. நாளைக்குப் போடுகிறேன் என்றேன்.

மறுநாள் அவள் வேலைக்குப் போனபின் கடைசிப் பதிவை நான் மட்டும் கேட்டேன். பாட்டு பாதியில் நின்றது. கதவு திறக்கும் சத்தம், அதன்பின் என் குரல். "அம்மா உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டாளாம். அவ வேலையிலேர்ந்து வர்றதுக்குள்ள கிளம்பச் சொல்றா." "அம்மாவா சொன்னாங்க?" என்று பவித்ரா கேட்டாள். "ஆமாம்மா," என்றேன். குரல் நிதானமாகத்தான் இருந்தது.

அன்றைக்கே யாக்கூப்பை வரவழைத்தேன்.

"பாட்டு நிறைய இருக்கேண்ணே. அப்கிரேட் மட்டும் பண்ணா எதுவும் போகாது. எடுத்து வெச்சுடவா?"

"எல்லாம் எடுத்தாச்சு யாக்கூப். சுத்தமா அழிச்சுட்டுப் புதுசா போடுங்க."

என் குரல் வரும் இடத்தை மட்டும் வெட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்கும் வெட்டத் தெரியும். ஆனால் பாட்டைக் கேட்டால் சந்திரமதிக்கு மகளைக் கூப்பிடத் தோன்றும். கூப்பிட்டால் இருவரும் பேசிவிடுவார்கள்.

புதிய விண்டோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது பவித்ராவே போன் செய்தாள். பெண் குழந்தை பிறந்திருக்கிறதாம். "அம்மாகிட்ட சொல்லுங்கப்பா, ப்ளீஸ்," என்றாள். சொல்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து நானே திரும்ப அழைத்து, சொல்லிவிட்டேன், அம்மா ஒன்றும் பேசவில்லை என்றேன். சந்திரமதி அப்போது வீட்டிலேயே இல்லை.

அவள் வந்ததும், யாக்கூப் கவனிக்காமல் பாட்டையெல்லாம் அழித்துவிட்டார் என்றேன். அவள் கணினி முன் போய் நின்றாள். திரையில் கம்பெனிக்காரன் வைத்த நீலப் படம் இருந்தது.

"வேணும்னேவா செஞ்சிருப்பாரு? பாவம், அவரை ஒண்ணும் சொல்லாதீங்க," என்றாள். பிறகு சோபாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என்னாலதான் போனா. இப்போ அவ குரலும் போச்சு. எனக்குன்னு இனிமே நீங்க மட்டும்தாங்க."

என் தோளில் சாய்ந்து அழுதாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சாய்ந்ததே இல்லை. சாய வேண்டும் என்று தோன்றினால் மகளிடம்தான் போவாள். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அவளுடைய நிம்மதிக்காகத்தான் எல்லாம் செய்தேன் என்று உங்களிடம் சொல்லத்தான் இவ்வளவும் பேசினேன். ஆனால் அவள் அழுது முடிக்கும்வரை நான் சந்தோஷமாக இருந்தேன்.