எதிர்ப்பக்கம் நின்ற மேஸ்திரி

அவைத் தலைவர், லாரி முதலாளி தேவராஜ ஐயங்கார் அவர்களே, வாலாஜாபாத் சாலை டிரைவர்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் பிள்ளையார்பாளையத்து உறவினர்களே, உங்கள் எல்லாரையும் கலியாணசுந்தரம் வணங்குகிறேன். நானும் மேஸ்திரியும் சேர்ந்தே வேலை பார்த்த பட்டறை இது. இன்று என் குரல் மட்டும் கேட்கிறது. எனக்கே அது பிடிக்கவில்லை.

நம் டயர் மேஸ்திரி வீரபாகு முதலியார் எப்பேர்ப்பட்டவர்? நெசவு வீட்டுப் பிள்ளை. பட்டு தொட வேண்டிய கையில் கிரீஸைப் பூசிக்கொண்டவர். “சோறு கூட ரப்பர் நாத்தம் அடிக்குது” என்று அவர் மனைவி காமாட்சியம்மாள் கேலி செய்வார். இவர் சிரித்துக்கொண்டே இன்னொரு கவளம் கேட்பார்.

துருப்பிடித்த சக்கரத்தில் பழைய டயர் ஒட்டிக்கொண்டால் யாரைத் தேடினோம்? தென்னேரி ஏரிக்கரையில் நெல் மூட்டைகளோடு லாரி நின்றுபோன நாள் நினைவிருக்கிறதா? டிரைவர் சின்னப்பையன் பொறுமையிழந்து, டயரைச் சுற்றி வைக்கோல் போட்டுக் கொளுத்தப் பார்த்தான். வீரபாகு ஏரித் தண்ணீரை மொண்டு வந்து, அவன் தலையிலும் சேர்த்தே ஊற்றினார். “அது இன்னாபா பண்ணுச்சு உன்னை? இத்தினி நாள் உன்னைச் சுமந்துக்கினுதானே வந்துது” என்றார். பிறகு விளக்கெண்ணெய் விட்டு, ஊற வைத்து, மரக் கொட்டாப்புளியால் சுற்றிச் சுற்றித் தட்டினார்.

அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். அவர் ஒரு பக்கம் நெம்பிக்கொண்டே போவார். எதிர்ப்பக்கம் நான் கடப்பாரையை அழுத்திப் பிடித்திருப்பேன். விட்டால், கழன்ற டயர் விளிம்பெல்லாம் திரும்பச் சக்கரத்துக்குள் போய்விடும். முழுதும் கழன்றதும் “ஆச்சு” என்பார். அந்தச் சொல் காதில் விழாமல் நான் ஒருநாளும் கையெடுத்ததில்லை.

போன மாதம், அதோ கிடக்கிறதே, அந்தச் சக்கரம். பாதி கழன்றிருந்தது. “பிடிச்சிக்கினு இருபா, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிறேன்” என்று சுவரில் சாய்ந்தார். நான் பிடித்துக்கொண்டே இருந்தேன். சின்னப்பையன் வந்து அவரைப் பார்த்துவிட்டு, என் விரல்களைப் பிரித்துத்தான் சேதி சொன்னான். கையெடுத்ததும் டயர் பழையபடி உள்ளே போய்விட்டது.

இப்போதும் பட்டறையைத் திறந்தால் எதிர்ப்பக்கத்தைத்தான் என் கண் தேடுகிறது. அவர் வேண்டும் எனக்கு. நீங்கள் சொல்லும் ஆறுதல் எதுவும் அந்த இடத்தில் வந்து நிற்கவில்லை.

“அந்த டயரை அறுத்துப் போட்டுடலாம்பா, உனக்கு ஏன் வேதனை” என்று தலைவர் அன்போடுதான் சொன்னார். வேண்டாம் ஐயா. அவர் தொட்ட வேலை வெட்டுப்பட்டு முடியக் கூடாது.

இரங்கல் கூட்டத்தில் உறுதி சொல்வது வழக்கம். நானும் சொல்கிறேன். இந்தப் பட்டறையில் எந்தச் சக்கரத்துக்கும் தீ வைக்க மாட்டோம். எண்ணெய் விட்டுக் காத்திருப்போம். அந்தச் சக்கரமும் காலையிலிருந்து எண்ணெயில் ஊறிக்கொண்டுதான் இருக்கிறது.

சின்னப்பையா, மேல்துண்டைக் கழற்றி வைத்துவிட்டு வா. மேஸ்திரி நின்ற பக்கம் நீ நில். என் பக்கத்தை நான் பிடித்துக்கொள்கிறேன். கழன்றதும் “ஆச்சு” என்று உரக்கச் சொல். அதைக் கேட்கும்வரை நான் கையெடுக்க மாட்டேன்.