ஆமெனுக்கு முந்தின வரி

ஐயோ தம்பி, அத மட்டும் எடுத்துராதீங்க. மவுஸ்லேர்ந்து கைய எடுங்க, எடுங்க. கோச்சுக்காதீங்க, பதறிட்டேன். ஃபோன்லயே சொல்லியிருக்கணும். பழைய ஆட்-ஆன் எல்லாத்தையும் தூக்கிட்டு புதுசு போட்டா முடிஞ்சுது வேலைன்னு உங்களுக்கு முந்தி ரிப்பேருக்கு வந்தவரும் சொன்னாரு. பம்மல்லேர்ந்து வந்தாரு, பாவம். காபியக் குடுத்து அனுப்பிட்டேன்.

உங்கள நம்பாம இல்ல. கேளுங்க. இது என் பையன் ஆரோனோட பழைய லேப்டாப். கனடால ப்ரோக்ராம் எழுதிட்டிருக்கான். அவங்கம்மாவுக்கு, ரத்தினபாய்னு பேரு, ஸ்ட்ரோக் வந்து பேச்சு போயிருச்சு. அப்ப லீவுல வந்தவன், அவன் ப்ரோக்ராம் எழுதுற இதே எடிட்டர்ல தமிழ் வர்ற மாதிரி பண்ணிக் குடுத்துட்டுப் போனான். கறுப்பு ஸ்க்ரீன், பெரிய பெரிய வெள்ளை எழுத்து. அவளுக்கு வலது கை வராது, இடது கையில ஒத்த விரல்தான். அதுக்காகத்தான் இந்த ஆட்-ஆன். நாம அடிக்கடி என்ன அடிக்கிறோம்னு பாத்து ஞாபகம் வச்சுக்குமாம். ஆன்னு அடிச்சாப் போதும், ஆண்டவரேன்னு காட்டும். டேப் கீய அமுத்துனா அந்த வார்த்தை விழுந்துரும், அடுத்த வார்த்தை வந்து நிக்கும்.

ஆமா, ஜெபம்தான். வேற என்ன அடிப்பா? பசி, வலியெல்லாம் கண்ணாலயே சொல்லிருவா. எங்க வீட்ல சாயங்கால ஜெபம் நின்னதே இல்ல தம்பி. அவதான் பண்ணுவா. நான் ஆமென் சொல்ற ஆளு. ரயில்வேல கிளார்க்கா இருந்தவன், யாரோ எழுதுனதுக்குக் கீழ கையெழுத்துப் போட்டே பழக்கம். பேச்சு போனப்புறம் அவ அடிப்பா, நான் சத்தமா வாசிப்பேன். அதுல ஆரோன் வருவான், பொண்ணு ஈவ்லின் வருவா, மாடிவீட்டு பக்தவச்சலம் சாரோட கண் ஆபரேஷன் வரும், மீன் கொண்டுவர்ற கங்கையம்மாளோட முட்டிவலி கூட வரும். என் பேரு மட்டும் வராது. எனக்கு ஒண்ணும் வேணாமாடின்னு கேப்பேன். சிரிப்பா. பாதி வாய்தான் சிரிக்கும்.

ஃபைலா? அதான் தம்பி சிக்கலே. சேவ் பண்ணவே விடமாட்டா. சேவ் பண்ணவான்னு கேக்கும்ல, நேரா வேணாம்ங்கறதுல போய் நிப்பா. ஏன்டி, இருந்துட்டுப் போகட்டுமேன்னேன். ஆண்டவர் கேட்டாச்சே, அப்புறம் எதுக்குன்னு அடிச்சுக் காட்டுனா. அதனால ஒரு வரி கூட எங்கயும் கெடையாது. இந்தப் பழைய ஆட்-ஆனோட ஞாபகத்துல இருக்கிறதுதான். இத எடுத்துட்டு புதுசு போட்டா அது ஒண்ணும் தெரியாம முழிக்கும்.

ஓ, மொதல்ல பென் டிரைவ்ல காப்பி எடுத்துக்கிறீங்களா? எடுங்க, எடுங்க. இத முன்னாடி வந்தவரு சொல்லவே இல்ல.

இந்தச் செவப்புக் கட்டமா? போன வாரந்தான் வந்துச்சு. எடிட்டர் தானாவே அப்டேட் ஆயிருச்சு போல. இந்த ஆட்-ஆன் பேக்கேஜ் ரொம்பப் பழசு, இதோட ஓடாதுன்னு இங்கிலீஷ்ல போட்டிருக்கு. ஆரோனக் கேட்டா, அத எழுதுன ஆளே கைவிட்டுட்டாம்ப்பா, வேற போட்டுக்கங்கன்றான். அவனுக்கு விஷயம் தெரியாது.

சரி, எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு ஒண்ணொண்ணா ஆன் பண்றீங்க. கலர் மாத்துறது... ஒண்ணும் ஆகல. ஸ்பெல்லிங் பாக்குறது... அதுவும் சரி. இப்ப இதுவா? ஆ, செவப்பு வந்துருச்சு. இதேதான். என்னது, எடிட்டரயே அப்டேட்டுக்கு முந்தி இருந்த மாதிரி பழசாக்கிரலாமா? அப்படிக் கூட முடியுமா? அட! எல்லாரும் பழசத் தூக்கி எறியத்தான் வழி சொன்னாங்க. போடுங்க தம்பி, எவ்வளவு நேரம் ஆனாலும் பரவால்ல.

அது எறங்குற வரைக்கும் விஷயத்தச் சொல்லிர்றேன். ஜெபம்னா கண்ண மூடணும்ல. வாசிக்கணுமேன்னு நான் தொறந்து வச்சிருப்பேன். ஆனா கடைசி வரி வந்தா மேசையில ஒரு தட்டு தட்டுவா. நான் கண்ண மூடிக்கணும். அவ பாட்டுக்கு அடிப்பா, கீ சத்தம் மட்டும் கேக்கும். மறுபடி ஒரு தட்டு. நான் ஆமென் சொல்லிக் கண்ணத் தொறக்குறதுக்குள்ள ஸ்க்ரீன மூடியிருப்பா. ஒருநாளும் ஓரக்கண்ணால கூடப் பாத்ததில்ல. ஜெபத்துல போய் திருட்டுத்தனம் பண்ண முடியுமா?

போன வாரம் நானே உக்காந்து டேப் கீய அமுத்திக்கிட்டே போனேன். கங்கையம்மாளோட முட்டிவலி முடிஞ்சு, அடுத்து அந்தக் கடைசி வரி, என்னைன்னு ஆரம்பிச்சுச்சு. அவ்வளவுதான், மூடி வச்சுட்டேன். பயம் தம்பி. அவளக் குளிப்பாட்ட, சோறு ஊட்ட, எல்லாத்துக்கும் நான்தான். ஒருநாள் தூக்கும்போது என் இடுப்பு புடிச்சுக்கிச்சு, அன்னைக்கு அவ அழுத அழுகை இருக்கே. என்னை எடுத்துக்கொள்ளும் ஆண்டவரேன்னு கேட்டிருப்பாளோ? அதுக்கா நான் கண்ண மூடிக்கிட்டு தினமும் ஆமென் போட்டேன்? சரி, என்னவா இருந்தாலும் பாத்துரலாம்னு மறுநாள் தொறக்குறேன், இந்தச் செவப்புக் கட்டம் நிக்குது.

அம்மாவையே கேட்டுரலாமேன்றீங்க. கேக்கலாம்தான். அவ பல்லாவரம் கல்லறைத் தோட்டத்துல இருக்கா தம்பி. ஈஸ்டருக்கு முந்தியே போய்ட்டா. அதுக்கப்புறம் இத தொறக்கவே மனசு வரல, போன வாரந்தான் தொறந்தேன். அட, நீங்க ஏன் எழுந்திரிக்கிறீங்க, உக்காருங்க. மொதல்லயே சொன்னா எல்லாரும் லேப்டாப்ப விட்டுட்டு என் மூஞ்சியப் பாக்குறாங்க, அதான் சொல்லல.

வந்துருச்சா? செவப்பு இல்லையே? மறுபடி தானா அப்டேட் ஆகாதுல்ல? சரி, ஆ அடிங்க. நீங்களே அமுத்துங்க. ஆண்டவரே... ம். ஆரோன்... ஈவ்லின்... பக்தவச்சலம் சார் கண்ணு... முட்டிவலி. பாத்தீங்களா, என்னை. இருங்க, இருங்க. ம், அமுத்துங்க.

இப்போது. அடுத்து? அழைத்துக்கொள்ளாதேயும்... கொள்ளாதேயும்னா போட்டிருக்கு? நல்லாப் பாருங்க தம்பி, என் கண்ணாடி ஈரமா இருக்கு. இவருக்கு... தனியாக... இருக்கத்... தெரியாது.

அடிப்பாவி. எனக்காகல்ல கேட்டிருக்கா. தினம் அவ கேக்க, தினம் நான் ஆமென் சொல்ல... ரெண்டு பேர் ஒருமனப்பட்டுக் கேட்டா குடுப்பேன்னு வேதத்துல இருக்கு, நாங்க அப்படித்தான் தம்பி கேட்டிருக்கோம். அப்படியும் குடுக்கல பாருங்க.

என்ன கேக்குது அது? சேவ் பண்ணவான்னா? வேணாம்னு போடுங்க. அவளுக்குப் பிடிக்காது.