மைனஸ் ஒண்ணேகால்

அந்தக் கண்றாவிய இன்னொரு தடவ காட்டும்மா. உன் தாள் இல்ல, ஆன்சர் கீ. கருமம், இதப் போட்டவனும் ஒரு பிசிக்ஸ் வாத்தியாராம்!

நீயே பாரு. மேசை மேல ஆறு கிலோ கட்டை. கயித்தக் கட்டி, கப்பி வழியா ரெண்டு கிலோக் கல்லத் தொங்கவிட்டாச்சு. சும்மா நிக்குது, கையெடுக்கறோம். கல்லு இழுக்கறது இருபது நியூட்டன். உராய்வு முப்பது வரைக்கும் தாங்கும். அப்புறம் என்ன? கட்டை அசையாது. நீயும் அதத்தான எழுதிருக்க? நகராது, முடுக்கம் பூஜ்யம், கயித்துல இழுவிசை இருபது. முத்து மாதிரி ஒரு வரி.

இவனுங்க போட்டிருக்கறதப் பாரு. இருபதுல முப்பது போனா மைனஸ் பத்து, எட்டால வகுத்தா மைனஸ் ஒண்ணேகால். கீழ ரெட்டைக் கோடு வேற! அப்போ தொங்கற கல்லு தானா மேல ஏறுமா? த்தூ. உராய்வு தடுக்கும்மா, எங்கயாச்சும் இழுத்துட்டுப் போகுமா? வீட்ல பீரோவ லேசாத் தள்ளு. அசையாது, சரி. எதிர்ப்பக்கமா நடந்து வருமா?

சிரிக்காத. பேப்பர் திருத்தற கூடத்துல முப்பது பேரு. ஒருத்தனாச்சும் வாயத் தொறந்தானா? டீ வந்துச்சான்னு கேக்கத்தான் வாய் வரும். கட்டை நகருமா நகராதான்னு மொதல்ல பாக்கணும்கற அறிவு கூட இல்ல. சூத்திரத்துல எண்ணப் போடு, வகுத்துத் தள்ளு. செக்குமாட்டுக் கூட்டம்!

அங்க நடந்தது எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறியா? சொல்றேன், இரு.

அஞ்சு மார்க்கு போச்சு. ரெண்டே மார்க்குல உன் காலேஜ் சீட்டு போச்சு. மறுமதிப்பீட்டுக்கு மனு குடுக்க நாளைக்குக் கடைசி, கூட ஒரு வாத்தியார் கையெழுத்து வேணும். எத்தன பேரக் கேட்ட? நாலா? நாலு பேரும் கீய எதுத்துப் போட மாட்டேன்னுட்டாங்களா? நல்லா வாயில வருது எனக்கு. பொம்பளப் புள்ள முன்னாடி வேணாம்.

சரி, உன் தாளக் குடு. இந்தச் சைபர வெளிச்சத்துல புடி. அடியில ஒரு அஞ்சு தெரியுதா? மொதல்ல போட்டது அஞ்சுதான். அப்புறம் கீயப் பாத்ததும், எதுக்கு வம்பு, யாரு போயி மல்லுக்கட்டறதுன்னு அடிச்சாச்சு.

ஓரத்துல இருக்கற இனிஷியல் என்னுதும்மா.

எழுந்திரிக்காத, உக்காரு. என்னத் திட்டணும்னா திட்டிக்கோ, ஆனா அந்த மனுவ இப்படிக் குடு. அதே கையெழுத்தப் போடறேன். ரெண்டும் ஒரே ஆளுதான்னு அவங்களே ஒப்பிட்டுப் பாத்துக்கட்டும்.